பின்வளவில் ஒரு ரோமத் துறைமுகம்

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருங்குடி மக்களுக்கு உலகத் தமிழர் தொல்துறை ஆய்வு மன்றம் விடுக்கும் அதிமுக்கிய அறிவித்தல். மனிதகுல வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டிய நாள் வந்துவிட்டது. கொலம்பஸ் பிறப்பதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழன் கனடாவில் கப்பலைக் கரைசேர்த்துக் கயிறு கட்டினான். அதற்கான அசைக்க முடியாத மரச் சான்று, ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில், ஹைலண்ட் ஓடைக் கரையில், மன்றத் தலைவர் ஆய்வறிஞர் இரத்தினவேல் அவர்களின் இல்லத்துப் பின்வளவில் வெளிப்பட்டுள்ளது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடைபெறும் துறைமுகத் திறப்பு விழாவுக்கு அனைவரும் வருக. மதிய போசனம் உண்டு. வாகனங்களைப் பக்கத்து வீட்டு ட்ரைவேயில் நிறுத்த வேண்டாம்.

இந்த அறிவித்தல் இரண்டு வாரப் பத்திரிகைகளிலும் ஒரு வானொலியிலும் எண்ணிக்கை தெரியாத வட்ஸ்அப் குழுக்களிலும் வெளியானது. எழுதியவர் ஆய்வறிஞர் இரத்தினவேல் அவர்களேதான். தன் பெயருக்குப் பின்னால் தானே 'அவர்கள்' போடும்போது ஆரம்பத்தில் மனிதருக்குக் கை கொஞ்சம் கூசியது. பிறகு பழகிவிட்டது.

மன்றத்தில் மொத்தம் இரண்டு பேர். தலைவர் இரத்தினவேல். செயலாளர் வாகீசன், தன் வீட்டு நிலவறையில் இருந்து ஒரு இணையத் தொலைக்காட்சி நடத்துபவர், கமெரா, ஒலிவாங்கி, அறிவிப்பாளர் எல்லாம் அவரே. முன்பு ஒரு பொருளாளரும் இருந்தார். தலைவர் கதிரைக்கு ஆசைப்பட்டு வெளியேறி, 'அனைத்துலகத் தமிழர் தொல்துறை ஆய்வு மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கி, அதில் தனியாளாக இருந்து வருகிறார். உலகம் பெரிதா அனைத்துலகம் பெரிதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இரத்தினவேல் ஆய்வறிஞரானது ஓய்வு பெற்ற மறுநாள். அதற்கு முதல் நாள் வரைக்கும், இருபத்தேழு வருடம், ஒஷாவாவில் கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலை. எந்த பிரேக் கட்டை எந்த றாக்கைத் தட்டில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர். அது பெரிய அறிவுதான். ஆனால் அதற்காக ஒருவரும் பொன்னாடை போர்த்த முன்வரவில்லை. ரொறன்ரோவில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளைக்கு முன்னால் இரண்டு வழிதான் உண்டு: ஒன்று கோயில் நிர்வாகம், மற்றது ஆய்வு. கோயில் தேர்தலில் அவர் பதினொரு வாக்குகளால் தோற்றிருந்தார்.

என்ன ஆய்வு என்பதுதான் கொஞ்சக்காலம் பிடிபடாமல் இருந்தது. போன வருடம் தங்கை மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு லண்டன் போனபோது அதுவும் பிடிபட்டது. தேம்ஸ் நதிக்கரைப் பக்கம் உலாவப் போனவர் மழைக்கு ஒரு தேவாலய வாசலில் ஒதுங்கினார். அங்கே கறுத்துப்போன பழைய மரக்குற்றி ஒன்று நின்றது. ரோமர் காலத்துத் துறைமேடையின் மரம் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. மழை முக்கால் மணித்தியாலம் விடவில்லை. வாசிக்க வேறொன்றும் இல்லாததால் அதையே ஏழெட்டுத் தரம் வாசித்தார். மழை விட்டபோது இரத்தினவேல் ரோமத் துறைமுக நிபுணராக வெளியே வந்தார்.

கனடா திரும்பியபின் அந்த விஷயமாகக் கிடைத்த அகழ்வாய்வு அறிக்கைகளை எல்லாம் இறக்கி அச்செடுத்தார். நியாயமாகச் சொன்னால் கவனமாகத்தான் படித்தார். லண்டனில் ரோமர்கள் சதுரமாகச் செதுக்கிய பெரிய ஓக் மரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஆற்றுக்கு முகம் கட்டினார்கள். அடுக்கு முன்னுக்குச் சரியாமல் இருக்க, பின்பக்கம் கரைக்குள் நீளமாக இழுவை மரங்களை விட்டுப் பிணைத்தார்கள். இடைவெளியைக் களிமண்ணும் குப்பையும் போட்டு நிரப்பினார்கள். பிந்திய காலத்தில் ஆற்றோரம் நெடுக ஒரு கல்மதிலும் எழுப்பினார்கள். இவ்வளவும் சரி. இதற்கு மேலே இரத்தினவேல் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தார். ரோமன் மிளகு வாங்க எங்களிடம் வந்தான். வந்தவன் மிளகை மட்டுமா கொண்டு போயிருப்பான்? தச்சனையும் கொண்டு போயிருப்பான். ஆகவே தேம்ஸ் துறைமேடையைக் கட்டியவன் தமிழன். இந்த 'ஆகவே' அவருடைய ஆய்வின் உயிர்நாடி. அது எந்தப் பள்ளத்தையும் தாண்டும்.

அந்த நேரத்தில்தான் வீட்டில் வேறொரு பள்ளம் தேவைப்பட்டது. மகள் துர்க்கா, கணவன் ஜதுர்சனோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ரில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் தன் மகனுக்கு அது வேண்டும், ஒக்டோபர் முதலாந் திகதிக்கு முன் வீட்டைவிட்டு எழும்பு என்று கடிதம் கொடுத்துவிட்டார். இரத்தினவேலின் மனைவி ஜெயமலர், முதியோர் இல்லமொன்றின் சமையற்கூடத்தில் நாளுக்குத் தொண்ணூறு பேருக்குச் சாப்பாடு அனுப்புபவர், ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: பேஸ்மென்றைத் திருத்துவது, பின்பக்கத்தால் படி இறக்கித் தனி வாசல் வைப்பது, பிள்ளைகளைக் கொண்டுவந்து இருத்துவது.

வேலைக்கு வந்தவர் இக்னேசியஸ். ஊர்காவற்றுறை ஆள். ஸ்காபரோவில் பாதி பேஸ்மென்றுகளுக்குக் கதவு வைத்தவர். முதல் நாளே கட்டட அனுமதியைப் பற்றிக் கேட்டார்.

"அண்ணை, மாநகரசபையிலை பெமிற் எடுத்தாச்சோ?"

"என்ரை வளவுக்குள்ளை நான் கிண்டுறதுக்கு ஆரைக் கேக்கிறது?"

"பக்கத்து வீட்டார் போன் அடிச்சால் வருவாங்கள்."

"பக்கத்து வீட்டான் என்னோடை நல்லமாதிரி. நீர் கிண்டும்."

இக்னேசியஸ் நிலவறைச் சுவரில் கதவளவுக்கு வெட்டி, வெளியே பள்ளம் இறக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் பின்னேரம் மண்வெட்டி 'டொக்' என்றது.

"அண்ணை, இஞ்சை ஒருக்கா வந்து பாருங்கோ. பழைய தாங்குசுவர் ஒண்டு தட்டுப்படுது. அறுத்து எடுத்துப்போட்டு இறங்கட்டே?"

தேநீர்க் கோப்பையோடு வந்த இரத்தினவேல் குனிந்து பார்த்தார். சதுர மரங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு. நடுவில் ஒரு மரத்தின் தலை மட்டும் தெரிந்தது; உடல் கரைக்குள்ளே போயிருந்தது. அறிக்கைகளில் முந்நூறு தரம் பார்த்த அதே படம். தேநீரை மண்ணில் ஊற்றிவிட்டு, கோப்பையை இக்னேசியஸின் கையில் கொடுத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார்.

"தொடாதையும்!"

"என்னண்ணை, காஸ் பைப்பே?"

"துறைமுகம், தம்பி. நீர் நிக்கிறது கப்பல் வந்து அணைஞ்ச இடத்திலை."

இக்னேசியஸ் தன் காலடியைப் பார்த்தார். பிறகு இரத்தினவேலின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணை, நான் ஊர்காவற்றுறையான். கப்பல் அணையிற இடம் எனக்குத் தெரியும். உது இந்த வீடுகளைக் கட்டின கொம்பனி, ஓடைப்பக்கம் மண் சரியாமல் அடுக்கின மரம். பிறகு மேலை மண்ணைப் போட்டு மூடியிருக்கிறாங்கள். பச்சை நிறத்தைப் பாருங்கோ. உக்காமல் இருக்க மருந்து ஏத்தின மரம். செம்பு மருந்து."

"செம்பு எண்டு நீரே சொல்லுறீர்."

"ஓம், மருந்திலை செம்பு..."

"ரோமன் கப்பலுக்கு என்னத்திலை ஆணி அடிச்சவன்? செம்பிலை!"

"ஐயோ அண்ணை, ஆணியையும் பாருங்கோவன். துருப்பிடிக்காமல் நாகம் பூசின ஆணி. என்ரை வானுக்குள்ளையும் இதே ஆணி ஒரு பெட்டி கிடக்கு."

இரத்தினவேல் அவரைப் பரிவோடு பார்த்தார். "இரண்டாயிரம் வருசமா எங்கட ஆக்களின்ரை தொழில்நுட்பம் மாறேல்லை எண்டதுக்கு நீர்தான் தம்பி சாட்சி."

அன்றிரவு சாப்பிடாமல் அளந்தார். மரத்தின் தடிப்பு நூற்று நாற்பது மில்லிமீற்றர். அரை ரோம அடி நூற்று நாற்பத்தெட்டு. மிச்ச எட்டையும் கனடாக் குளிர் சுருக்கிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதினார். வேலை நின்றது.

மறுநாள் வாகீசன் கமெராவோடு ஓடி வந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அண்ணை, கடலாலை வந்த கப்பல் இந்த ஏரிக்குள்ளை எப்பிடி ஏறினது? மொன்றியலுக்குக் கிட்ட ஆறு பாறையிலை விழுந்து அடிச்சுக்கொண்டு வருகுதே?"

"இறங்கித் தூக்கியிருப்பினம்."

"கப்பலையோ?"

"தமிழன் தூக்குவான்."

வாகீசன் அதைக் குறித்துக்கொண்டார். மன்றத்தின் வரலாற்றில் எழுப்பப்பட்ட முதலாவது எதிர்க்கேள்வி அது. கடைசிக் கேள்வியும் அதுதான்.

வீட்டுக்குள் வேறு விதமான கேள்விகள் எழுந்தன. ஜெயமலர் வேலையால் வந்து, பள்ளத்தையும் அதைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் நாடாவையும் பார்த்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கேட்டார்:

"இந்த பேஸ்மென்றிலை ரோமன்காரன் வந்து இருக்கப் போறானோ, உங்கட பிள்ளை வந்து இருக்கப் போறாளோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

"மலர், இது வரலாறு. இரண்டாயிரம் வருசம் மண்ணுக்குள்ளை கிடந்தது..."

"அப்ப இன்னும் ஒரு பத்து வருசம் கிடக்கட்டும். மூடிப்போட்டுப் படியைக் கட்டுங்கோ. வரலாறு பொறுக்கும். துர்க்காவின்ரை வீட்டுக்காரன் பொறுக்கான்."

துர்க்கா தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள். "அப்பா, ஐ ஆம் நொட் கிடிங். எங்களுக்குப் போறதுக்கு வேற இடம் இல்லை. எல்லாரும் கிறெடிற் ஸ்கோர், ஜொப் லெற்றர் எண்டு கேக்கினம். ஜதுவுக்கு இப்ப ஃபுல்ரைம் வேலையும் இல்லை. ப்ளீஸ் அப்பா, ஜஸ்ற் ஃபினிஷ் த ஸ்ரெயர்ஸ்."

"விழா முடியட்டும் பிள்ளை. நாலு நாள் வேலைதானே."

உண்மையில் அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். விழாவில் காட்டுவது, படம் எடுப்பது, மன்றத்தின் பட்டத்தை வாங்குவது, பிறகு இரண்டு மரத்தை மட்டும் வெட்டி எடுத்து வரவேற்பறையில் வைத்துவிட்டுப் படியைக் கட்டுவது. துறைமுகமும் இருக்கும், மகளும் இருப்பாள். திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. பிரதம விருந்தினர் என்ற ஒன்றைத் தவிர.

ரொறன்ரோவில் ஒரு தமிழ் விழாவுக்கு மங்கல விளக்கு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். வெள்ளைக்காரப் பிரதம விருந்தினர் இல்லாமல் சமாளிக்க முடியாது. தமிழனின் பெருமையைத் தமிழன் சொல்லித் தமிழன் கேட்டால் அது வெறும் கதை. ஒரு வெள்ளைக்காரர் முன்வரிசையில் ஒன்றும் விளங்காமல் இருந்து தலையாட்டினால்தான் அது வரலாறு. வழக்கமாக ஒரு அரசியல்வாதி அகப்படுவார். ஆனால் அந்த செப்டெம்பரில் எல்லா அரசியல்வாதிகளையும் கோயில்களும் பழைய மாணவர் சங்கங்களும் முற்கூட்டியே பிடித்து வைத்திருந்தன. வாகீசன் இணையத்தில் தேடி, மாநகரசபையின் பாரம்பரியப் பாதுகாப்புப் பிரிவில் மிஸ் ஹார்ட்லி என்ற ஒரு அதிகாரியின் முகவரியைக் கண்டுபிடித்தார். அழைப்பிதழோடு பதினான்கு படங்களையும் அனுப்பினார். மரங்கள், இழுவை மரம், மண், பள்ளம், வீட்டு அத்திவாரத்தில் கதவளவுக்கு வெட்டிய ஓட்டை, அந்த ஓட்டைக்குள் நின்று சிரிக்கும் தலைவர்.

ஒரே நாளில் பதில் வந்தது. மிகவும் ஆர்வமாக இருக்கிறதாம். கட்டாயம் வருகிறாராம். கட்டட அனுமதிப் பகுதியில் இருந்து தன் சக அலுவலர் ஒருவரையும் அழைத்து வரலாமா?

"பாத்தீரே! ஒண்டு கேட்டம், இரண்டு வருகுது," என்றார் இரத்தினவேல். "பொன்னாடை இன்னுமொண்டு வாங்கும்."

கணக்குத் தீர்க்க வந்திருந்த இக்னேசியஸ் இதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணை, உவை பெமிற் இல்லாமல் கிண்டுறவையைப் பிடிக்கிற ஆக்கள். நீங்களே கூப்பிட்டு, விளக்குக் கொளுத்திக் காட்டப் போறியளோ?"

"விருந்தாளியா வாறவன் என்னெண்டு தம்பி பிடிப்பான்? பொன்னாடை போத்தின கையைக் கடிச்சவனை நான் இன்னும் காணேல்லை."

அன்று பின்னேரமே இக்னேசியஸ் தன் மண்வெட்டி, ஏணி, சக்கரவண்டி, கடைசி ஆணி வரைக்கும் பொறுக்கி வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நெற்றிக்கு நேரே சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டார் என்று ஜெயமலர் சொன்னார்.

ஞாயிறு வந்தது. பின்வளவில் வெள்ளைக் கூடாரம், நூற்றிருபது கதிரை. பள்ளத்துக்கு மாவிலைத் தோரணம். பிளாஸ்ரிக் மாவிலை என்றாலும் தோரணம். நிறைகுடம், குத்துவிளக்கு. சனம் நன்றாகவே வந்தது. பாதிப் பேர் வரலாற்றுக்காக வந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். மதிய போசனத்துக்கு ஆட்டிறைச்சிக் கறி என்று வட்ஸ்அப்பில் பரவியிருந்தது. கடைசி வரிசையில் முன்னாள் பொருளாளர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார், ஒரு பிழையாவது அகப்படாதா என்ற முகத்தோடு. துர்க்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வெட்டிய ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று, கட்டில் எங்கே போடலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒக்டோபர் முதலாந் திகதிக்கு இன்னும் பதினாறு நாட்கள் இருந்தன.

வாகீசன் ஒலிவாங்கியைப் பிடித்து, முதலில் இந்த நாட்டு வழக்கப்படி, இந்த மண் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூர்வகுடி மக்களின் மண், அதை நன்றியோடு நினைவுகூர்கிறோம் என்று ஆங்கிலத்தில் பணிவாக வாசித்தார். பிறகு அதே மூச்சில் தமிழுக்குத் திரும்பி, "இந்த மண்ணிலே முதன்முதல் கால் வைத்தவன் யார்? தமிழன்!" என்று முழங்கினார். சபை இரண்டுக்கும் கைதட்டியது.

மிஸ் ஹார்ட்லி ஐம்பது வயதிருக்கும், சேற்றுச் சப்பாத்தோடு வந்திருந்த அமைதியான பெண். கூட வந்த கட்டட அனுமதிப் பகுதிக்காரன் ஆறடிக்கு மேலான நெடுவல், கக்கத்தில் ஒரு அட்டைப் பலகை, இடுப்பில் அளவு நாடா. இருவரையும் மேடைக்கு ஏற்றி மாலை போட்டார்கள். நெடுவலுக்கு மன்றத்தின் சார்பில் தலைவர் ஒரு பொன்னாடை போர்த்தினார். அது காற்றில் வழுக்கவே, நலன்விரும்பிகள் சார்பில் இன்னொருவர் அதற்கு மேலே இரண்டாவதைப் போர்த்தினார். அவன் சிவந்துபோய், என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டான். சபைக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது.

இரத்தினவேல் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் பேசினார். மிளகு, யவனன், தச்சன், தேம்ஸ், ஆகவே, அத்திலாந்திக், ஆகவே, ஹைலண்ட் ஓடை. பேச்சு தூக்கிய கப்பலைப் போல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கையில், நெடுவல் மேடையால் இறங்கிப் பள்ளத்தடிக்குப் போனான். அளவு நாடாவை இழுத்தான். அத்திவாரத்தின் ஓட்டையை அளந்தான். பள்ளத்தின் ஆழத்தை அளந்தான். தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். இரண்டு பொன்னாடையையும் கழற்றாமலே அட்டைப் பலகையை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினான்.

"பாருங்கோ, குறிப்பெடுக்கிறார்," என்று முன்வரிசை பூரித்தது.

மிஸ் ஹார்ட்லியும் இறங்கிப் போய் மரங்களைக் குனிந்து பார்த்தார். விரல் நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை, இரக்கம் இருந்தது. பேச்சு முடிந்ததும் இரத்தினவேலைக் கூடாரத்துக்குப் பின்னால், வடைத் தட்டுகள் அடுக்கியிருந்த மேசையடிக்குத் தனியாக அழைத்தார். ஜெயமலரும் துர்க்காவும் கூடவே வந்தார்கள். அவர் சொன்னதைத் துர்க்கா தமிழில் சொன்னாள்.

"அப்பா, வடிவாக் கேளுங்கோ. ரெண்டு வழி இருக்காம். இது வீடு கட்டேக்கை வைச்ச மரம் எண்டு வீட்டுக்காரரா நீங்கள் இந்தப் பேப்பரிலை எழுதிச் சைன் வைச்சால், இவ இந்த விஷயத்தை இதோடை மூடிடுவா. பிறகு பெமிற் பிரச்சினை மட்டும்தான். வரைபடத்தைக் குடுத்தால் பத்து நாளிலை பாத்துத் தரலாம் எண்டு அந்தாள் சொல்லுது. வீ கான் மேக் இற், அப்பா."

"மற்ற வழி?"

"இது பழங்காலம் எண்டு நீங்கள் நிண்டால், சட்டப்படி லைசன்ஸ் உள்ள தொல்லியல்காரர் வந்து பாக்க வேணுமாம். எங்கட செலவிலை. அதுவரைக்கும் ஒரு கல்லும் அசைக்கேலாது. வின்ரர் முடிஞ்சுதான் வருவினமாம்."

ஜெயமலர் பேனையை எடுத்து நீட்டினார். அவர் கையில் கறி மணந்தது. விடியற்காலையில் இருந்து நூற்றிருபது பேருக்குச் சமைத்த கை. "இஞ்சாருங்கோ. எனக்காக வேண்டாம். அந்தப் பிள்ளைக்காக. கையெழுத்தை வையுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லன்."

இரத்தினவேல் பேனையை வாங்கினார். வாங்கினார் என்பதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். பேனை கடதாசியில் முட்டியும் விட்டது. அவருக்கு அந்த மரம் என்ன மரம் என்று தெரியாமல் இல்லை. இருபத்தேழு வருடம் களஞ்சியத்தில் இருந்தவருக்கு நாகம் பூசிய ஆணி தெரியாதா? இக்னேசியஸ் சொன்ன அன்றே தெரியும். அது தெரிந்த இடத்தை மனதுக்குள் ஒரு றாக்கையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகாமல் இருந்தார், அவ்வளவுதான்.

அப்போது கூடாரத்துக்குள் வாகீசனின் குரல் கேட்டது. "இதோ, தலைவர் அவர்களுக்குத் தொல்துறைப் பேரறிஞர் என்ற பட்டத்தை வழங்கும் நேரம் வந்துவிட்டது! தலைவர் அவர்களை மேடைக்கு அழைக்கின்றோம்!" கைதட்டல். கூடாரத் துணியின் இடைவெளியால் தங்கத்தாள் சுற்றிய விருது தெரிந்தது. கடைசி வரிசையில் பொருளாளர் கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் பார்ப்பதும் தெரிந்தது. இருபத்தேழு வருடத்தில் பிரேக் கட்டைக்காக யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை.

"அப்பா," என்றாள் துர்க்கா.

"ஒரு நிமிசம் பிள்ளை," என்றார் அவர். பேனையை வடைத் தட்டில் வைத்துவிட்டு மேடைக்கு ஏறினார்.

ஒலிவாங்கியில் அவருடைய குரல் தழதழத்தது. நடிப்பில்லை, உண்மையாகவே தழதழத்தது. "அன்பானவர்களே! சற்று முன்னர் இந்தத் துறைமுகத்தை மறைத்துக் கையெழுத்திடும்படி என்னிடம் கேட்கப்பட்டது. நான் கேட்கிறேன், வரலாற்றை விற்க முடியுமா? என் உடலில் உயிருள்ளவரை இந்த மண்ணில் ஒரு பிடியைக்கூட ஒருவரையும் தொட விடமாட்டேன்!"

சபை எழுந்து நின்று தட்டியது. எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவர் முன்னாள் பொருளாளர். அவருக்குத்தான் நடந்தது முழுவதும் விளங்கியிருந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவிலேயே நெடுவல், இரண்டு பொன்னாடையும் மாலையுமாக, வேலை நிறுத்த உத்தரவைத் தோரணத்துக்குக் கீழே ஒட்டினான். சனம் வரிசையில் நின்று அதோடு படம் எடுத்தது. வாகீசன் நேரலையில் அறிவித்தார்: கனடிய அரசு இவ்விடத்தைத் தன் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்துள்ளது. அடுத்த வாரம் இரண்டு பத்திரிகைகளிலும் அதுவே தலைப்பு. துர்க்கா பிள்ளையைக் கார்க் கதிரையில் வைத்துக் கட்டிக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஜெயமலர் மாடியில் இரண்டாவது அறைக் கதவில் ஒட்டியிருந்த 'ஆய்வு மையம்' என்ற அட்டையைக் கிழித்துவிட்டு வந்து சொன்னார்:

"அந்த அறையை ஒதுக்குங்கோ. மூண்டு பேரும் அதுக்குள்ளை நெருக்கிக்கொண்டாவது இருக்கட்டும்."

"மலர், நூல் அரைவாசியிலை நிக்குது. தாளெல்லாம் வரிசையா நிலத்திலை பரப்பியிருக்கிறன். ஒண்டை அசைச்சாலும் இரண்டாயிரம் வருசம் குழம்பிப்போம்."

ஜெயமலர் கைப்பையைத் தோளில் மாட்டினார். "நீங்கள் கோயில் தேர்தலிலை வெண்டிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

குளிர்காலம் வந்தது. பள்ளத்துக்குள் பனி நிரம்பியது. பனி உருகிய தண்ணீர் கதவுக்கு வெட்டிய ஓட்டையால் நிலவறைக்குள் இறங்கி, பிள்ளைக்கென்று ஜெயமலர் விரித்திருந்த புதுக் கம்பளத்தை நனைத்தது. கடைசியில் ரோமத் துறைமுகத்தில் தண்ணீரும் வந்துவிட்டது என்று பக்கத்துத் தெருவில் பேசிக்கொண்டார்கள். பேரறிஞர் அப்போது ஊரில் இல்லை. மொன்றியலில் ஒரு உரை, பாரிசில் ஒரு உரை. இரண்டு இடத்திலும் நல்ல கூட்டம்.

மே மாதம் தொல்லியல்காரர் ஒரு பெண் வந்தார். நாற்பது நிமிடம் வேலை செய்தார், அதில் பத்து நிமிடம் தேநீர். கீழ்வரிசை மரமொன்றை நெம்பிப் புரட்டியபோது, அதன் முனையில் ஆலைக்காரர்கள் அடித்து விட்ட பிளாஸ்ரிக் சீட்டு அப்படியே இருந்தது, தயாரித்த ஆண்டோடு: 1986. அறிக்கை ஒரு பக்கம். வீட்டுத் திட்டத்தைக் கட்டியவர்கள் அமைத்த தாங்குசுவர். பாரம்பரிய மதிப்பு எதுவும் இல்லை. பள்ளத்தை மூடலாம், அல்லது அனுமதி பெற்றுத் தொடரலாம்.

இரத்தினவேல் அதற்கு அறுபத்து நான்கு பக்கத்தில் பதில் எழுதினார். ஒரு துண்டுப் பிளாஸ்ரிக்கை மரத்தின் அடியில் செருக ஒரு இரவு போதாதா? யார் செருகினார்கள்? தமிழன் முதலில் வந்தால் யாருக்கு இடைஞ்சல்? கேள்விகள் ஒவ்வொன்றும் கூர்மையானவை. பதில் நீண்டு நூலாயிற்று. நூலின் வெளியீட்டு விழா ஜூன் மாதக் கடைசி ஞாயிறு, மண்டபம் கொள்ளாத சனத்தோடு நடந்தது. அறிஞர்கள் ஐவர் நூலைப் படிக்காமலே நயவுரை ஆற்றினார்கள். பேரறிஞருக்குப் பதினேழு பொன்னாடைகள் விழுந்தன. முன்னாள் பொருளாளர் மேடைக்கு வந்து கட்டித் தழுவி, உலகத்தையும் அனைத்துலகத்தையும் ஒன்றாக்குவோம் என்று அறிவித்தபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஜெயமலர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்.

துர்க்காவின் குடும்பம் ஒஷாவாவில் ஒரு சிங்களவர் வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறது.